சாமிக்கு விட்ட குட்டி

வெள்ளாடாக இருந்திருந்தால் ஊரையே கூட்டியிருக்கும். கழுத்துக் கயிறு கொஞ்சம் இறுகினாலே கொலை நடப்பதுபோல் கத்துகிற பிராணி அது. செம்மறி அப்படி இல்லை. நாய் பிடரியைக் கவ்வி இழுக்கும்போதும் வாயைத் திறக்காது. அதனால்தான் அந்த மத்தியானம் எங்களுக்கு ஒன்றும் தெரியாமல் போயிற்று.

சாப்பிட்டு முடித்து, வேப்பமரத்தடிக் கட்டிலில் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு கிடந்தேன். என் மனைவி நாகம்மா கீழே உட்கார்ந்து மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பிரசவத்துக்கு வந்திருந்த எங்கள் மகள் கௌசல்யா, நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து பச்சை மொச்சையைத் தின்று, அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். முதலில் பார்த்தது அவள்தான்.

"அப்பா, மல்லிக் காட்டுக்குள்ள என்னமோ புழுதி பறக்குது."

நான் பேப்பரை விலக்குவதற்குள் நாகம்மா எழுந்து ஓடிவிட்டாள். கையில் இருந்த முறத்தையே வீசி எறிந்தாள். நாலைந்து நாய்கள். மற்றவை கலைந்தன, ஒன்று மட்டும் நின்று உறுமியது. நான் மண்வெட்டியோடு போய்ச் சேர்ந்த பிறகுதான் அதுவும் நகர்ந்தது.

செடிகளுக்கு நடுவே குட்டி கிடந்தது. பிடரியிலிருந்து பாதி முதுகுவரை தோல் கிழிந்திருந்தது. பின்தொடையில் பல் இறங்கிய குழிகள். கண் திறந்திருந்தது, வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் பறிக்காமல் விட்ட மொட்டுகள் வெயிலில் விரிந்து, அந்த வாசனையும் ரத்த வாடையும் சேர்ந்து வந்தன. இன்றைக்கும் பஸ்ஸில் பக்கத்துப் பெண்மணி மல்லிகை வைத்திருந்தால் நான் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவேன்.

நாகம்மா குட்டியைத் தொடவில்லை. இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, மகள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். மகளின் வயிற்றில் இருந்த பிள்ளைக்காகச் சாமிக்கு விட்ட குட்டி அது.

மடியில் இருப்பதற்கு ஏது டிக்கெட்?

செம்மறியின் மௌனம் எனக்குப் பழைய விஷயம். இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும், நான் திண்டுக்கல் நத்தம் ரோட்டில் பஸ் கண்டக்டராகக் காலம் தள்ளியவன். சந்தை நாளில் ஆடு, கோழி, பலாப்பழம், கோபித்துக்கொண்டு போகிற மாமியார் என்று என் பஸ்ஸில் ஏறாத உருப்படி கிடையாது.

ஒருநாள் சாணார்பட்டியில் ஒரு அம்மா ஏறினார். மடியில் துண்டு சுற்றிய கைக்குழந்தை. வழியெல்லாம் ஒரு சிணுங்கல் இல்லை. "நல்ல பிள்ளைம்மா, பாலக் குடிச்சிட்டுத் தூங்குதா?" என்று நானே விசாரித்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஊர் வந்து எழுந்தபோது துண்டு விலகி, நீளமாக ஒரு காது வெளியே தொங்கியது.

"இதுக்கு லக்கேஜ் போடணும்மா."

"மடியில இருக்குறதுக்கு ஏதுப்பா டிக்கெட்டு? எறக்கி நடக்க விட்டிருந்தா நீ போட்டிருக்கலாம்."

பஸ்ஸே சிரித்தது. நான் விசிலை ஊதி வண்டியைக் கிளப்பச் சொன்னேன். சட்டத்தில் சந்து கண்டுபிடிப்பதில் எங்கள் பக்கத்துப் பெண்களை மிஞ்ச ஆள் இல்லை. இதற்கு நான் பஸ்ஸில் போய் உதாரணம் தேடியிருக்கவே வேண்டாம், வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள்.

கருப்புக்குக் கொடுத்த வாக்கு

கௌசல்யாவும் மாப்பிள்ளையும் திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். அவளுக்கு இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் தங்கவில்லை. இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தவள், "பசிக்குதும்மா" என்று மட்டும் சொன்னாள். நாகம்மா ரசஞ்சோறு பிசைந்து ஊட்டினாள். இரண்டு பேரும் அழவில்லை. நான்தான் அங்கே நிற்க முடியாமல் தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன்.

மூன்றாவது முறை சேதி வந்தபோது நாகம்மா யாரிடமும் சொல்லவில்லை. சிறுமலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் குலசாமி கருப்பிடம் போனாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் கிடா வெட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். வந்ததும், பட்டியில் அப்போதுதான் பால் மறந்திருந்த ஒரு வெள்ளைக் கிடாக்குட்டியின் நெற்றியில் திருநீறு பூசி, கழுத்தில் மஞ்சள் கயிறு போட்டு வெளியே விட்டாள்.

சாமிக்கு விட்டதைக் கட்டக்கூடாது, அடிக்கக்கூடாது, விலை பேசக்கூடாது. பேரும் வைக்கக்கூடாது என்று நாகம்மா தன் பங்குக்கு ஒன்று சேர்த்தாள். பேர் வைத்தால் பாசம் வந்துவிடுமாம்.

குட்டி ராஜா மாதிரி திரிந்தது. பக்கத்துத் தோட்டத்தில் புகுந்து கத்தரி நாற்றை வரிசையாக மேய்ந்தது. அந்தத் தோட்டக்காரர் வாயைக் கோணிக்கொண்டு, "கருப்பு தின்னுட்டுப் போகுது, விடுங்க" என்றார். வேறு ஆடாக இருந்தால் அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில் பஞ்சாயத்து நடந்திருக்கும்.

ஆனால் நாய்க்கு எது சாமி ஆடு, எது சந்தை ஆடு என்று தெரியுமா? ரோட்டோரம் கோழிக்கழிவைக் கொட்டிக் கொட்டி, அந்தப் பக்கமெல்லாம் நாய்க்கூட்டம் சேர்ந்துவிட்டது. கட்டாமல் விட்டதுதான் அந்தக் குட்டிக்கு வினையாகப் போயிற்று.

கயிறு இல்லாத கட்டு

"ரத்தத்தப் பாக்காத, உள்ள போடி" என்று நாகம்மா கத்தினாள். கௌசல்யா கேட்கவில்லை. வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து, தன் துப்பட்டாவை எடுத்துக் குட்டியைச் சுற்றினாள். லோடு ஆட்டோவில் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டரம்மா சின்ன வயசு. மயிரைக் கத்தரித்து, மருந்து விட்டுக் கழுவி, முதுகுக் கிழிசலைத் தைத்தார். தொடைக் குழிகளைத் தைக்காமல் விட்டார்.

"பொழைக்கும்னும் சொல்ல மாட்டேன், பொழைக்காதுன்னும் சொல்ல மாட்டேன்" என்றார். "ஈ ஒக்காந்தா புழு வச்சிரும். கொதிக்க வச்சு ஆறுன தண்ணியில மஞ்சளப் போட்டு, தெனமும் ஊத்திக் கழுவுங்க. நல்லாத் துடைச்சிட்டு இந்த மருந்த அடிங்க. நாய்க்கடி ஊசிய ஒண்ணுகூட விட்றக்கூடாது. ஆறுறவரைக்கும் எங்கயும் விடாமக் கட்டிப் போடுங்க."

நாகம்மா குறுக்கே கேட்டாள். "சாமிக்கு விட்டத எப்பிடிம்மா கட்டுறது?"

"அப்ப நாயிகிட்டயே விட்ருங்க" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா கை கழுவப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நாகம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, மாட்டுக்கொட்டகையின் ஒரு மூலையில் சாக்கு விரித்து, குட்டியை அதில் விடச் சொன்னாள். என் கட்டிலைத் தூக்கிவந்து ஒரு பக்கம் சாய்த்தாள். உரமூட்டைகளை இன்னொரு பக்கம் அடுக்கச் சொன்னாள்.

"இது கட்டுனது இல்லையா?" என்றேன்.

"கயித்தப் போட்டாத்தான கட்டுனது? கட்டிலு சாஞ்சு கெடந்தா அது கட்டிலு" என்றாள்.

அன்றிலிருந்து எனக்குத் தரையில் படுக்கை.

கூழும் கருப்பட்டியும்

குட்டி எதையும் தின்னவில்லை. ஆலங்குழை ஒடித்து வைத்தேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. காது நெருப்பாகச் சுட்டது. கௌசல்யா கொட்டகையிலேயே நாற்காலி போட்டுவிட்டாள். விசிறியால் ஈ ஓட்டுவதும், பஞ்சில் தண்ணீர் நனைத்து அதன் உதட்டில் பிழிவதுமாக இருந்தாள். பிள்ளைத்தாய்ச்சி இந்த வாடையில் உட்காரலாமா என்று நாகம்மா ஆரம்பித்தபோது, அவள் நிமிராமல் சொன்னாள்.

"இது எதுக்காக விட்டதுன்னு எனக்குத் தெரியும்மா. இது பொழச்சா எம்பிள்ளையும் பொழைக்கும். நான் எந்திரிக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு அவளை உள்ளே போகச் சொல்ல எங்கள் இருவருக்கும் தைரியம் வரவில்லை. சமையல்கட்டில் நாகம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா இவ மனசு விட்ருவாளேங்க" என்றாள். எனக்கும் அதே பயம்தான்.

காலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது பெரிய கூத்து. முதுகில் தண்ணீர் பட்டதும் குட்டி உடம்பைப் படபடவென்று குலுக்கும். என் பனியன்கள் எல்லாம் கோயில் கொடி நிறத்துக்கு மாறின. இப்படிக் குலுக்கியே ஒரு தையல் பிய்ந்து, டாக்டரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். அதன்பிறகு கௌசல்யா அதன் கழுத்தை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொள்வாள். "ஏலே, ஆடாதலே. செத்த நேரம். முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு." துண்டால் துவட்டி, மருந்து அடித்து, கடைசியில் ஒரு துண்டு கருப்பட்டியை அதன் உதட்டில் தேய்ப்பாள்.

பேர்தான் வைக்கக்கூடாதே, அதனால் ஏலே என்றே கூப்பிட்டாள். அதுவே பேராகிவிட்டது. ரோட்டில் யார் யாரை "ஏலே" என்று கூப்பிட்டாலும் கொட்டகைக்குள் இது காதைத் திருப்பும்.

ஒருநாள் காலை கௌசல்யா கேப்பைக்கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்து மோர்மிளகாயைக் கடிப்பதற்குள், குட்டி கழுத்தை நீட்டி மூக்கைக் கூழுக்குள் விட்டது. ஒரு தும்மல் போட்டது. பிறகு நக்க ஆரம்பித்தது.

"அம்மா" என்று அவள் கூப்பிட்ட குரலுக்கு நாங்கள் இருவரும் பதறி ஓடினோம். மூக்கெல்லாம் கூழாக நின்ற குட்டியைப் பார்த்ததும் நாகம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. மகள் ரசஞ்சோறு தின்ற அன்றைக்கு அழாததையும் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன்.

பிறகு அது தேறியது. முதலில் மூன்று காலில் நொண்டியது, அப்புறம் நாலாவது காலை ஊன்றிப் பார்த்தது. மத்தியானங்களில் கௌசல்யா தரையில் சாய்ந்து உட்கார்ந்தால், வந்து அவள் வயிற்றில் தலையைச் சாய்த்துக்கொள்ளும். ஒருமுறை உள்ளே இருந்த பிள்ளை உதைத்ததில் குட்டி திடுக்கிட்டுத் தலையைத் தூக்கி, அந்த வயிற்றையே உற்றுப் பார்த்தது. நாங்கள் மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

தாயும் மகளும்

சிரிப்பு அடங்கிய அந்த நேரத்தில்தான் கௌசல்யா கேட்டாள். "இத வெட்டித்தான் ஆகணுமாம்மா?"

"வாக்குக் குடுத்தாச்சு."

"வேற கிடா வாங்கி வெட்டக்கூடாதா?"

"சாமிக்கு இதக் காட்டிட்டு அதக் குடுக்குறதா? அது ஏமாத்து."

மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அப்புறம் சில நாள் வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான். உடம்பில் காயம் பட்ட ஆட்டைச் சாமி ஏற்காது என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, கோயில் பூசாரியிடம் கேட்டுவரச் சொல்லி கௌசல்யா என்னை அனுப்பினாள். பூசாரி எனக்குப் பங்காளி முறை. "புண்ணு ஆறிருச்சுன்னா தோஷமில்லண்ணே" என்றார். திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றினேன். அவள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். தான் பாடுபட்டு ஆற்றிய புண்தான் அதைக் கத்திக்குத் தகுதியாக்குகிறது என்றால் எந்த மனசு தாங்கும்?

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல கனம், நல்ல குரல். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தபோது, சர்வீஸ் முழுக்க நின்றே வந்த நான் முதல்முறையாக உட்கார இடம் தேடினேன்.

பச்சை உடம்புக்காரி கொட்டகைப் பக்கம் வரக்கூடாது என்று நாகம்மா சட்டம் போட்டுவிட்டாள். குட்டியைக் கழுவுகிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். சாமிக்கு விட்ட நாளிலிருந்து ஒரு விரல்கூட அதன்மேல் படாமல் இருந்தவள், விடிந்ததும் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு கொட்டகைக்குப் போனாள். தலையிலிருந்து வால்வரை ஊற்றுவாள், துவட்டுவாள், கருப்பட்டி கொடுப்பாள். காயம் ஆறி, முதுகில் மயிர் முளைக்காத கறுப்புத் தழும்பு மட்டும் மிச்சம். மருந்து அடிப்பதை நிறுத்தியும் இவள் தண்ணீரை நிறுத்தவில்லை. குட்டியும் வளர்ந்து கொம்பு வைத்த கிடாவாகிவிட்டது.

"கட்டுன புருசன என்னைக்காச்சும் இப்பிடித் துவட்டி விட்டிருக்கியா?" என்று கேட்டேன்.

"ஒங்கள நாய் கடிக்கட்டும், பாப்போம்" என்றாள்.

கருப்பு வாசலில்

பேத்திக்குத் தலை நின்றதும் கோயிலுக்கு நாள் குறித்தோம். சொந்தக்காரர்கள் வந்தார்கள். நாகம்மாவின் தம்பி பாண்டி, கறி வேகப் பெரிய அண்டாவும் மசாலாவுமாக முதல் ஆளாக நின்றான். கௌசல்யா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, கிடாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். சாப்பிடாமலே வந்திருந்தாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிடாவைச் சாமி முன்னால் நிறுத்தி, மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைக் குலுக்க வேண்டும். குலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். குலுக்காமல் வெட்ட மாட்டார்கள்.

பூசாரி ஒரு செம்புத் தண்ணீரைத் தலையிலிருந்து முதுகுவரை ஊற்றினார். கிடா நின்றது. மாலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"செத்த நேரம் பொறுங்க" என்றார்.

இரண்டாவது செம்பு. கிடா கண்ணை மூடித் திறந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. என்ன குறை வைத்தார்களோ என்று ஒரு பெரியம்மா வாய்விட்டே சொன்னார். பாண்டி முன்னால் வந்து, "காதுக்குள்ள ஊத்துங்கண்ணே, தன்னால ஆட்டும்" என்றான்.

நாகம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள். "சாமி காரியத்துல என்னடா குறுக்கு வழி? அவரா ஆட்டட்டும்."

பூசாரி ஒரு குடத்தையே கவிழ்த்தார். கிடா கல் மாதிரி நின்றது. பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, கௌசல்யா உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்து உதட்டை அசைத்தது. துண்டும் கருப்பட்டியும் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கிறது. எனக்கு விளங்கிவிட்டது. கௌசல்யாவும் திரும்பிப் பார்த்துவிட்டாள். குழந்தையை இறுக்கிக்கொண்டாள், கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

பூசாரி திருநீற்றை அள்ளிக் கிடாவின் நெற்றியில் பூசினார். "கருப்பு வேணாங்குறாரு தாயி. கூட்டிட்டுப் போ."

"அப்ப எம்வாக்கு?" என்றாள் நாகம்மா.

"நீ குடுத்துட்ட. அவரு வாங்கி ஒங்கிட்டயே திருப்பி விட்டுட்டாரு. ஒரு மணி வாங்கிக் கட்டிரு, போதும்."

நாகம்மா இடுப்பில் செருகியிருந்த மஞ்சப்பையைப் பிரித்தாள். பழைய பேப்பரில் சுற்றிய ஒரு வெண்கல மணியை எடுத்துப் பூசாரியின் கையில் கொடுத்தாள். அவர் மணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு கட்டப் போய்விட்டார்.

"அப்ப கறி?" என்றான் பாண்டி. அண்டாவோடு அவனைக் கோபால்பட்டிக் கறிக்கடைக்கு அனுப்பினோம்.

திரும்பும்போது லோடு ஆட்டோவின் பின்னால் நான், நாகம்மா, கிடா மூன்று பேர்தான். கௌசல்யாவும் குழந்தையும் முன்னால் போன காரில் இருந்தார்கள். நடந்தது முழுக்கச் சாமியின் உத்தரவு என்றுதான் மகள் இன்றைக்கும் நம்புகிறாள். இந்த இதழை அவளிடம் யாராவது காட்டினால் காட்டட்டும்.

"மணிய எப்ப வாங்குன?" என்றேன்.

"பிள்ளை பொறந்த வாரம்."

"வேற கிடா வெட்டுறது ஏமாத்துன்ன. இது மட்டும் என்னவாம்?"

"தண்ணி ஊத்துனேன், அம்புட்டுத்தான். அவரு ஆட்டணும்னு நெனச்சிருந்தா, நான் எத்தன கொடம் ஊத்திப் பழக்கியிருந்தாலும் ஆட்டியிருப்பாரு."

சொல்லிவிட்டு, ஈரமாக நின்ற கிடாவைத் தன் முந்தானையால் துவட்ட ஆரம்பித்தாள். ஆட்டோ மேட்டில் ஏறி இறங்கியது. நான் கேலியை விட்டுவிட்டு, கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"பயமா இல்லையா நாகு?"

அவள் கை நின்றது. பிறகு மறுபடியும் துவட்டியது.

"பேத்தி மொகத்தப் பாத்துட்டுத்தான் ஒவ்வொரு நாளும் கொடத்தத் தூக்குவேன்" என்றாள். "பயந்துக்கிட்டேதாங்க ஊத்துனேன்."